கொழுந்து மலையில் குரல் எடுப்பது
(ஹட்டனில் ஆவணப்பட ஆர்வலர்களுக்கு ஆற்றிய உரையிலிருந்து)

வணக்கம். பிரித்தானிய ஆவணப்பட இயக்குநர் பசில் ரைட் செய்த வேலைகள் நிறைய. மலையகத்தில் படமெடுக்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பிரித்தானிய ஆவணப்பட முன்னோடி ஜோன் கிரியர்சனின் குழுவில் வளர்ந்தவர் ரைட். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் 'சோங் ஒஃப் சிலோன்' வந்தது 1934இல். அதற்காக இலங்கையில் ரைட் பிடித்தது காட்சியை மட்டும்தான். ஒலி முழுக்க லண்டனில் சேர்ந்தது. பின்னணிக் குரலாக இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசிப்பது, கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி 1681இல் வெளிவந்த நூலை. உழைப்பவர்களின் காட்சிமேல் சந்தை விலைகள் ஒலிக்கும் அந்தக் கோர்ப்பு இன்றும் பிரமிப்புத்தான். ஆனால் கொழுந்தெடுக்கும் பெண் தன் வாயால் ஒரு சொல் பேசுவதில்லை. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. அதனால் கமெராவுக்கு முன் ஒலியைப் படியுங்கள்.

கொழுந்தெடுப்பவரின் நெஞ்சில் மைக்கைக் குத்தினால் செடியும் மழைத்தாளும் உரசி, பேச்சே கேட்காது. கழுத்தோரம் வையுங்கள், வயரை ஒரு சுற்று வளைத்து ஒட்டுங்கள். கூடைக் கயிறு இறங்கும் பக்கம் வேண்டாம். நனைந்த உடம்பு வயரில்லா மைக்கின் ரேடியோ அலையை விழுங்கிவிடும்; சரிவில் அவர் திரும்பியதும் குரல் அறுபடும். ஆகவே உடம்பிலேயே பதியும் சின்ன ரெக்கோடர் மேல். பொலித்தீனில் சுற்றி, இடுப்பில் படங்குக்கு (கொழுந்தெடுக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த துணி) மேலே, பக்கவாட்டில் கட்டுங்கள். ரெக்கோடரின் பதிவுத் தரத்தை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். சாதாரணப் பேச்சு மைனஸ் 18 டெசிபலில் நிற்கட்டும். அடுத்த நிரைக்குக் கூப்பிட்டுப் பேசும்போது ஒலி எகிறும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், பிறகு படத்தோடு பொருத்த.

பனிமூட்டத்தில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும், கையால் வையுங்கள். வெள்ளைப் புகாரைப் பார்த்துக் கமெரா வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கறுக்கும். வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் வரை, அதாவது இரட்டிப்பு வரை, கூட்டுங்கள். குளிரிலிருந்து தொழிற்சாலைக்குள் போனால் லென்ஸ் வியர்க்கும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் விடுங்கள். உள்ளே 50 ஹேர்ட்ஸ் மின்விளக்கு; வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வினாடியில் 50இல் 1 பங்கு. இல்லையென்றால் படத்தில் பட்டை ஓடும்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கமெராவை நிறுத்தவே வேண்டாம். எடையில் கழிக்கிற கிலோவுக்கு வாதாடும் பேச்சு அங்கேதான் வரும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி நிலத்துக்கு மட்டும். அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கங்காணி இல்லாத நேரத்தில், லயத்தில் வைத்துக் கேளுங்கள். எடுத்ததை அன்றிரவே போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்ற வரியை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.