இலை முதலில், காது பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டுப் பக்கம் தோட்டத்துக்கு மரக்கதவு போடுகிறவர்கள் மரத்தை நிதானமாகப் பார்த்து எடுக்கிறார்கள். கீலை மட்டும் கடைசி நாளில் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் கதவு தலை சாய்ந்து தரையைக் கீறுகிறது. மூன்றடி அகலக் கதவை நான்கு அங்குலக் கீல் தாங்காது. கதவின் பாதி அகலத்துக்காவது பட்டை ஓட வேண்டும். அதாவது 45 சென்டிமீட்டர். அந்தப் பட்டைக் கீலைக் கொல்லுலையில் கையால் அடித்து, முனையில் அரசிலை விரிப்பது பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சேலத்தை அடுத்த கஞ்சமலையின் தாதுவை உருக்கி இரும்பெடுத்த வட்டாரம் இது. இன்று பட்டறைக்கு வருவது மைல்டு ஸ்டீல் பட்டை. அதில் குறையொன்றுமில்லை, கார்பன் குறைவு, அதனால் அடிக்கு நன்றாக இணங்கும். 40 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனம் போதும். மீட்டருக்கு 1.9 கிலோ வரும். ஒரு கீலுக்கு 50 சென்டிமீட்டர் வெட்டுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பட்டையை மட்டும் உலையில் வைக்கவே வேண்டாம். அந்தப் புகை குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் இலை, அடுத்து துளை, கடைசியில்தான் காது, அதாவது தூணில் நிற்கும் இரும்பு முளையில் மாட்டப் பட்டை முனையைச் சுருட்டும் வளையம். அடிக்க அடிக்க இலை நீளும். எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே சரியாகச் சொல்ல முடியாது. இரண்டு கீலுக்கும் இலையை முடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நுனியிலிருந்து அளந்து மறுமுனையை வெட்டினால் ஜோடி ஒத்துப்போகும். காதை முதலில் சுருட்டிவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

நுனியை ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சுங்கள். மத்தாப்பு மாதிரி பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம். அந்தத் துண்டை வெட்டிப் போடத்தான் வேண்டும். பட்டையைக் குத்தவாட்டில் நிறுத்தி, இரண்டு மூலைகளையும் அடித்துக் கூர் எடுங்கள். மூன்று நான்கு அடிக்கு ஒரு தடவை படுக்கவைத்துத் தட்டையாக்காவிட்டால் ஓரம் மடிந்து உள்ளே ஒரு விரிசலாகவே தங்கிவிடும். கூரிலிருந்து 4 சென்டிமீட்டர் உள்ளே, பட்டடையின், அதாவது அடி தாங்கும் இரும்புக் கட்டையின், விளிம்பில் வைத்து இருபுறமும் அடித்துக் கழுத்தை 15 மில்லிமீட்டருக்குக் குறுக்குங்கள். பிறகுதான் விரிப்பு. சுத்தியலின் குறுகிய வாயால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, நரம்பு ஓடுகிற சாய்விலேயே அடித்தால் இலை தானாக அகலும். ஓரம் மெலிந்ததும் தீ அதைத்தான் முதலில் தின்னும். அப்போது காற்றைக் குறைத்து, கழுத்தைத் தீயில் வைத்து, சூடு இலைக்குப் பரவ விடுங்கள். நடு நரம்பை மொட்டை உளியால் மேலாகப் போட்டால் போதும். ஆழமாக இறக்கினால் இலை அந்தக் கோட்டிலேயே முறியும். சிவப்பு மங்கியதும் சுத்தியலைக் கீழே வையுங்கள். நீலச் சூட்டில் அடித்த இரும்பு வெடிக்கும்.

துளைக்கு ஒரு நுணுக்கம். காய்ந்த பட்டையில் துளையுளியை இறக்கும்போது, கொஞ்ச நேரத்தில் பட்டடையின் கெட்டித்தன்மை கைக்குத் தெரியும். உடனே பட்டையைத் திருப்புங்கள். சிவப்புக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அழுத்தப்பட்டுச் சீக்கிரம் ஆறிய இடம் அது. அந்த வட்டத்தின் மேல் உளியை வைத்து ஒரே அடி அடித்தால் பொட்டு உதிர்ந்துவிடும். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 9 மில்லிமீட்டர் துளை, கீலுக்கு மூன்று.

காதில்தான் பலரும் கணக்குத் தவறுகிறார்கள். 16 மில்லிமீட்டர் முளைக்கு 17 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். அதோடு கனம் 6 சேர்த்தால் 23. அதை 3.14 ஆல் பெருக்கினால் 72 மில்லிமீட்டர். காதுக்குச் சுருட்ட வேண்டிய பட்டை நீளம் அதுதான். ஓட்டையின் விட்டத்தை மட்டும் பெருக்கி 53 என்று குறித்தால் காது வாய் பிளந்தே நிற்கும். சுருட்டும்போது கடைசி நுனியை முதலில் வளையுங்கள். விட்டால் அது தட்டையாகவே நின்றுவிடும்.

மலையில் பனியும் சாரலும் மாறி மாறி வரும். அதனால் காய்ச்சியதில் இரும்பின் மேல் படிந்த உலைச் செதிலோடு பெயிண்ட் அடிக்காதீர்கள். செதில் உரியும்போது பெயிண்டும் சேர்ந்தே உரியும். ஒருநாள் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, சமையல் சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து, சிங்க் பிரைமர் இரண்டு பூச்சு கொடுங்கள். மரத்தைத் தொடும் பின்பக்கத்துக்கும், காதின் உட்புறத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துரு பிடிப்பது அங்கேதான். வேல மரம் போலத் துவர்ப்புள்ள மரம் ஈரத்தில் வெறும் இரும்பைத் தொட்டால் மை கொட்டியதுபோலக் கறுத்தும் போகும்.

மாட்டும்போது இரண்டு முளையும் ஒரே தூக்குக்குண்டு நூலில் நிற்க வேண்டும். கீழ்முளை மேல்நோக்கியும் மேல்முளை கீழ்நோக்கியும் இருந்தால் கதவை யாரும் தூக்கிக் கழற்ற முடியாது. பலகைகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடம் விடுங்கள், மழையில் மரம் ஊதும். கதவு சிறிது இறங்கினாலும் கொண்டி சிக்காமல் விழ, நாதாங்கியின் வாயை உயரவாக்கில் 12 மில்லிமீட்டர் கூடுதலாகத் திறந்து வையுங்கள்.