முட்டம் கடற்பாறை: தருமபுரியிலிருந்து போகிறவர்களுக்கு

(காட்சி: ஒகேனக்கல், பரிசல் துறை)

ஒகேனக்கல்லுக்குக் கிளம்பும் முன் தருமபுரிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இன்னிக்கு எத்தனை ஆயிரம் கன அடி வருது?" அந்தக் கணக்கு தெரிந்தால் பரிசல் ஓடுமா, குளிக்க விடுவார்களா என்பதும் தெரிந்துவிடும். கடலோரப் பாறைக்கு அப்படி ஒரு எண் கிடையாது. அலையையும் பாறையின் நிறத்தையும் பார்த்து நாமேதான் கணக்குப் போட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தை வைத்து அதைப் பார்ப்போம்.

(காட்சி: தருமபுரி ரயில் நிலையம், இரவு)

பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி, சேலம் வழியாக நாகர்கோவில் போகும் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். அங்கிருந்து முட்டம் சுமார் 16 கி.மீ., பஸ் உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில் மோதும். அப்போது மேட்டில் நின்று பார்ப்பதோடு சரி, கீழே இறங்கக் கூடாது.

(காட்சி: பாறை, மிக அருகில்)

குமரிக் கரையில் சார்னோகைட் என்ற பாறை நிறைய உண்டு. நம் தருமபுரி மலைகளிலும் அதே இனம்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இந்தக் கல்லைக் கண்டுதான் இந்தப் பெயரை வைத்தார்கள். உடைத்துப் பார்த்தால் எண்ணெய் பூசியதுபோல் கருநீலமாகத் தெரியும். இவ்வளவு கெட்டியான கல்லைத் தண்ணீர் எப்படி உடைக்கிறது?

ஒகேனக்கல்லில் ஆறு ஒரே திசையில் ஓடுகிறது. சுழலில் சிக்கிய கூழாங்கல் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையில் குடம்போலக் குழி பறிக்கிறது. கடல் வேலை செய்யும் விதம் வேறு. பாறையில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்புக்குள் அலை பாயும்போது, உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அலை பின்வாங்கிய நொடியில் அந்தக் காற்று சட்டென விரிகிறது. கல்குவாரியில் வெடிப்பு பார்த்து ஆப்பு வைத்துப் பிளப்பார்களே, அதே வேலைதான். ஆனால் இங்கே இரவும் பகலும் ஓய்வில்லை. முட்டத்துப் பாறைகள் பெரிய பெரிய கட்டைகளாகக் கிடப்பதற்கு இந்த வெடிப்புக் கோடுகள்தான் காரணம். பிறகு மணலும் கல்லும் உரசி விளிம்பை மழுக்குகின்றன.

அலை எட்டாத உயரத்தில் தேன்கூடுபோலச் சிறு குழிகள் தெரிந்தால் நின்று பாருங்கள். அது உப்பின் வேலை. தெறித்த நீர் காய, கல்லின் துளைக்குள் உப்புப் படிகம் வளர்ந்து மணி மணியாகக் கல்லை நெம்பித் தள்ளுகிறது. இந்தக் கரையில் இதைவிட அழகான காட்சி இல்லை. பெரும்பாலோர் செல்ஃபி எடுத்துக்கொண்டே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

(காட்சி: பாறையில் நிறப் பட்டைகள்)

இப்போது பாதுகாப்பு. மேலே காய்ந்த பழுப்பு நிறம், நிற்கலாம். அதன் கீழே கருப்புப் பட்டை: அது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. நனைந்தால் சோப்புப்போல வழுக்கும். அலை அதுவரை வரும் என்பதற்கும் அதுதான் அடையாளம். அதற்கும் கீழே வெள்ளையாக ஒட்டியிருப்பது கொட்டலசு என்ற கூரான ஓடுள்ள சிறு கடலுயிர், காலைக் கிழித்துவிடும். கருப்புப் பட்டையைத் தாண்டக் கூடாது. ரப்பர் செருப்பு வேண்டாம். வார் வைத்த, பிடிமானம் உள்ள ஷூ வேண்டும்.

இறங்கும் முன் 20 நிமிடம் மேட்டில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பத்து அலை சின்னதாக வந்து, பிறகு மூன்று நான்கு பெரிதாகச் சேர்ந்து வரும். ஐந்து நிமிடம் மட்டும் பார்த்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் இன்னும் மேலே ஏறும்.

இதிலும் ஆபத்தானது கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. கடல் மட்டும் திடீரெனப் பொங்கும். 2024 மே 6 அன்று முட்டத்துக்குச் சற்றுக் கிழக்கே உள்ள கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இப்படித்தான் உயிரிழந்தார்கள். ஹைதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. கிளம்பும் காலையில் செய்தி பாருங்கள். முட்டம் மீனவர்களிடமும் கேளுங்கள். "இன்னைக்கு வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் வேண்டாம்தான்.

(காட்சி: கயிறு, காலி கேன்)

யாராவது விழுந்துவிட்டால், விழுந்தவர் அதே பாறையில் ஏறப் பார்க்கக் கூடாது. அடுத்த அலை அவரைக் கல்லிலேயே மோதவைத்துவிடும். பாறையை விட்டு விலகி, மல்லாந்து மிதக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் குதிக்கக் கூடாது. மூடி போட்ட காலித் தண்ணீர் கேன், கயிறு, எது கிடைத்தாலும் எறியுங்கள். ஒருவர் விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்கட்டும். இன்னொருவர் கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் எண் 1093-க்கு அழைக்கட்டும். மூன்றாமவர் படகுகள் நிற்கும் பக்கம் ஓட வேண்டும்.