நிரை நிரையாய் ஒரு ஃபார் லூப்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மா பால்மரம் சீவிய காலத்தில், பள்ளி விடுமுறையென்றால் நானும் அவரோடு போவேன். ஒரு நிரை முடிந்தால் அடுத்த நிரை. நடுவில் மழை வந்தால் எந்த மரத்தோடு விட்டோம் என்று அம்மாவுக்குத் தெரியும், தோட்டத்துக்குத் தெரியாது. 2015-இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட் என்ற நிரல்மொழியில், விட்ட இடத்தை நினைவில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதை இட்டரேட்டர் என்கிறார்களே, அது என் அம்மாதான்.

“சார், தோட்டம் என்று ஒரு ஸ்ட்ரக்ட் எழுதினேன். உள்ளே நிரைகள், நிரைக்குள் மரங்கள். ஃபார் லூப் போட்டால் கம்பைலர் திட்டுகிறது” என்பார்கள் மாணவர்கள். ஸ்ட்ரக்ட் என்றால் தரவுகளைச் சேர்த்துக் கட்டிவைப்பது, ஃபார் லூப் என்றால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வேலையைச் செய்வது, கம்பைலர் என்றால் எழுதியதைச் சரிபார்த்துக் கணினி மொழிக்கு மாற்றுவது. அது திட்டத்தான் செய்யும். உள்ளே எப்படி நடப்பதென்று அதற்கு யார் சொன்னது? நெக்ஸ்ட் என்ற ஒரே ஃபங்ஷனை எழுதினால் போதும். மரம் இருந்தால் ‘சம்’ (Some, இருக்கிறது) என்று கொடுக்க வேண்டும், தீர்ந்துவிட்டால் ‘நன்’ (None, இல்லை). ஒவ்வொன்றையும் மாற்றும் மேப், சலித்தெடுக்கும் ஃபில்டர், எண்ணிச் சொல்லும் கவுண்ட் எல்லாம் அதோடு இனாம்.

சறுக்குவது இங்கேதான். எத்தனையாவது மரம் என்ற கணக்கைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எப்படி நடப்பது? நடப்பவருக்குத் தனி ஸ்ட்ரக்ட் எழுதி, நிரை எண்ணையும் மர எண்ணையும் அவர் கையில் கொடுங்கள். இன்னொன்று, ஒரு நிரை முடிந்ததுமே ‘நன்’ சொல்லிவிடுவது. ஃபார் லூப் அதோடு வீட்டுக்குப் போய்விடும், மீதி நிரைகள் சீவாமல் கிடக்கும். அடுத்த நிரைக்குத் தாவ வேண்டும். அதில் மரமெல்லாம் பட்டுப்போய் வெறுமையாக இருந்தால் அதற்கும் அடுத்தது. இதற்கு ஒரு இஃப் போதாது, நெக்ஸ்டுக்குள் ஒரு லூப் வேண்டும்.

சரி, மரத்தைப் பார்த்துவிட்டு வருவதா, கைவைப்பதா, சாய்த்துத் தூக்கிக்கொண்டே போவதா? ஐட்டர், ஐட்டர் மியூட், இன்டு ஐட்டர் என்று மூன்றுக்கும் தனிப் பெயர். கடைசியைக் கூப்பிட்டால் தோட்டம் உங்களுடையதல்ல.

ஒருமுறை சி பிளஸ் பிளஸ் என்ற இன்னொரு நிரல்மொழியில், கோயில் சந்தாப் பட்டியலில் நடந்துகொண்டே பெயர்களை நீக்கினேன். அங்கே வெக்டர் என்ற வரிசைப் பட்டியலில் ஒன்றை நீக்கினால், அந்த இடத்தையும் அதற்குப் பின்னாலும் காட்டும் இட்டரேட்டர்கள் செல்லாது. திருவிழாவுக்கு முதல் நாள் இரவு புரோகிராம் படுத்துவிட்டது. ரஸ்டில் இப்படி எழுதினால் கம்பைலே ஆகாது. நடந்து முடியும்வரை பட்டியல் கடன் போனதாகக் கணக்கு. நீக்குவதற்கு, வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளும் ரிட்டெய்ன் இருக்கிறது. இப்போது அதில்தான் பட்டியலைக் கழிக்கிறேன். கோயில் தலைவர் மட்டும் பழைய நோட்டுப் புத்தகத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.