கண்ணாடியை யார் துடைப்பது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் இரு அணி நண்பர்களுக்கும், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ், சாண்ட்லர், ஸ்காட்ஸ்டேல் எனப் பல திசைகளிலிருந்தும் இந்த வெயிலில் வண்டியோட்டி வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கும் என் பணிவான வணக்கம்.

"பாலைவனக் குன்றின் மேல் கட்டிய மாளிகையைக் காணொளியில் சுற்றிப் பார்ப்பவர் மனத்தில் மிஞ்சி நிற்பது ஏக்கமா, அக்கறையா?" என்பது இன்றைய தலைப்பு. அக்கறையே என்று வாதாட வந்திருக்கிறேன். தொடக்கத்தில் இந்தத் திரையில் நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்த அந்த இருபது நிமிடக் காணொளியையே என் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன். ஃபீனிக்ஸை ஒட்டிய பாரடைஸ் வேலி என்ற ஊரில் மலைச்சரிவைக் குடைந்து கட்டிய வீடு அது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிச் சுவர் ஓசையில்லாமல் நகர்ந்து பக்கச் சுவருக்குள் போய்விடுகிறது. வெளியே விளிம்பே தெரியாத நீச்சல் குளம். அதன் நீர் கீழே மினுங்கும் நகரத்து விளக்குகளில் போய்க் கலப்பதுபோல ஒரு தோற்றம். அடுக்களைக்குப் பின்னால் இன்னோர் அடுக்களை. வாசலில், கீழிருந்து விளக்கு போட்ட, நான்கு கைகள் விரித்த ஒரு சவாரோ கள்ளி.

எதிரணித் தலைவர் பேசும்போது, "வாய் பிளந்து பார்க்கிறோம், நமக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும் குறை சொல்லத் தொடங்குகிறோம், சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் என்ற கதைதான் இது" என்றார். அவரைத் தொடர்ந்து பேசிய சகோதரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மின்கட்டணம் எவ்வளவு ஆகும், மேற்கு வெயில் அடிக்குமே என்றெல்லாம் பார்ப்பவர்கள் கேட்பது ஏக்கத்துக்குப் போட்ட முகமூடி என்றார். பெருமூச்சு வருவதை நான் மறுக்கவில்லை. அந்தக் குளத்தைப் பார்த்தபோது எனக்கும் வந்தது. ஆனால் பெருமூச்சு இரண்டாம் நிமிடத்தில் வந்து மூன்றாம் நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. மிச்சமுள்ள பதினேழு நிமிடமும் பார்ப்பவரின் மனம் என்ன செய்கிறது என்பதல்லவா வழக்கு?

நடுவர் அவர்களே, போன ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டில் இதே போன்றதொரு காணொளி ஓடிக்கொண்டிருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருணியில் குடம் முக்கி, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக முப்பது ஆண்டு தண்ணீர் சுமந்தவர் அவர். குளம் திரையில் வந்ததும் ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. "இம்புட்டு ஒசரத்துக்குத் தண்ணி எப்படிப்பா ஏறுது?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குள் 'எனக்கு' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஏக்கம் கொண்டவர் 'எனக்கு இல்லையே' என்பார்; அவர் பேசுவதெல்லாம் தம்மைப் பற்றித்தான். என் அம்மா பேசியது தண்ணீரைப் பற்றி.

அந்த ஒற்றைக் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இந்த ஃபீனிக்ஸ் பள்ளத்தாக்குக்குச் சால்ட், வெர்டி ஆறுகள் தருவது ஒரு பங்கு. இன்னொரு பெரும் பங்கு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஓடும் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றைத் தேக்கிய ஹவாசு ஏரியில் எடுத்து, பாலைவனத்தின் குறுக்கே 336 மைல் நீளத்துக்கு வெட்டிய கால்வாயில் ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுவருகிறார்கள். 1973இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கட்டிய கால்வாய் அது. நீர் பள்ளம் நோக்கித் தானாக ஓடி வரும் வாய்க்கால் என்று நினைத்துவிடாதீர்கள். வழியெங்கும் நீரேற்று நிலையங்கள் வைத்து, கடைசி முனை வரை கணக்கிட்டால் சுமார் 2,900 அடி உயரத்துக்கு அந்த நீரை மேலேற்றுகிறார்கள். அதன் பிறகுதான் அந்த நீர் குன்றின் மேல் ஏற வேண்டும். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஆத்துல தண்ணி கொறஞ்சா?" என்றார் அம்மா. குறைந்துவிட்டது என்றேன். 2021 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டரசு வரலாற்றில் முதன்முறையாகக் கொலராடோ ஆற்றில் பற்றாக்குறை அறிவித்தது. 2022ஆம் ஆண்டுக்குரிய அரிசோனாவின் பங்கில் ஏறத்தாழ 18 விழுக்காடு வெட்டப்பட்டது. இதை நாளிதழில் படிக்காத ஒரு மூதாட்டி, குளத்தின் விளிம்பைப் பார்த்தே அங்கு போய்ச் சேர்ந்தார் என்றால், அதற்கு ஏக்கம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த விளிம்பைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். விளிம்பு தெரியாத குளத்தில் நீர் எப்போதும் மெல்லிய திரையாக வழிந்து, கீழேயுள்ள தொட்டியில் விழுந்து, எந்திரத்தால் மறுபடி மேலே வருகிறது. வழியும் நீரின் பரப்பு கூடக்கூட ஆவியாவதும் கூடும். ஆண்டு முழுவதும் சேர்த்தே எட்டு அங்குல மழைகூடப் பெய்யாத ஊரில், திறந்த குளத்திலிருந்து காற்றோடு போகும் நீரோ அடிக்கணக்கில் இருக்கிறது.

இதையெல்லாம் அளவுக்கு மீறிய கவலை என்று எதிரணி சொல்லக்கூடும். ஸ்காட்ஸ்டேலுக்கு அருகே ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸ் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது, பெயரிலேயே மலையடிவாரம். மலைக்காட்சிக்காகவும் அமைதிக்காகவும் அங்கே வீடு கட்டியவர்களில் சில நூறு குடும்பங்களுக்குக் குழாய் நீரும் இல்லை, போதுமான கிணறும் இல்லை. ஸ்காட்ஸ்டேல் நகராட்சி நீரை லாரியில் வாங்கி நிலத்தடித் தொட்டியில் நிரப்பி வாழ்ந்தார்கள். வறட்சியைக் காரணம் காட்டி, 2023 ஜனவரி 1 முதல் அந்த நீரை நகராட்சி நிறுத்தியது. நல்ல வீடும் நல்ல வருமானமும் உள்ளவர்கள், பாத்திரம் கழுவும் நீரை மிச்சம்பிடிக்கக் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். மழைநீரை வாளியில் பிடித்தார்கள். பல மாதம் கழித்துத்தான் தற்காலிகமாக ஓர் ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மட்டும் நம்பி இனிப் புதுக் குடியிருப்புகளுக்கு ஒப்புதல் இல்லை என்று மாநில அரசு அறிவித்தது. நூறாண்டுக்கு நீர் உண்டு என்று காட்டிய பிறகே மனை பிரிக்க வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்திலிருந்து வந்த நெறி. காணொளி பார்க்கும் சாமானியர் கேட்பதும் சட்டம் கேட்பதும் ஒரே கேள்வி.

மேற்கு வெயிலுக்கு வருகிறேன். "வீடு எந்தத் திசை பார்த்தது என்று கேட்பது நம்மவர்களின் வாஸ்துப் பழக்கம்" என்றார் எதிரணிச் சகோதரி. சகோதரி அவர்களே, இந்த ஊரில் ஜூலை மாதம் மாலை ஐந்து மணிக்கு மேற்குச் சன்னலின் உட்புறக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். 2023இல் ஜூன் கடைசி நாள் தொடங்கி 31 நாள் தொடர்ந்து வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. என் மின்திட்டத்தில் வார நாள்களில் மாலை 4 முதல் 7 மணி வரை கட்டணம் கூடுதல். அந்த மூன்று மணி நேரமும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, குளிர்சாதனத்தின் வெப்பநிலை அளவைக் கூட்டி வைத்துவிட்டு, துணி துவைக்கும் எந்திரத்தைக்கூடத் தொடாமல் காத்திருக்கும் குடும்பம்தான் அந்தக் கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திசை கேட்கிறது. அன்றாடம் வெயிலோடு பழகியவர்கள் கேட்கும் கேள்வி அது.

ஆடம்பரத்தை வெறுப்பதால் இப்படிப் பேசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட் 1937இல் மக்டவல் மலையடிவாரத்தில் கட்டத் தொடங்கிய தம் வீடான டாலியசின் வெஸ்ட்டைச் சுற்றிப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர் அனைவரையும் கூட்டிப்போகிறேன். அங்கேயே கிடந்த கற்களைப் பொறுக்கி, மரப்பலகை அச்சில் தட்டையான முகம் வெளியே தெரியும்படி அடுக்கி, இடையில் கான்கிரீட் ஊற்றி எழுப்பிய சுவர்கள் அவை. கூரைக்கு முதலில் வெள்ளைக் கான்வாஸ் துணி. கட்டடம் மலையை மறைக்காமல் தாழ்ந்து படுத்திருக்கிறது. அம்மா அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது இந்த மண்ணுல மொளச்ச வீடு" என்றார். அதுவும் பெரிய மனிதரின் வீடுதானே? அங்கே குறை சொல்லத் தோன்றவில்லையே! இன்னொன்றும் அங்கே சொன்னார்கள்: ரைட் அதைக் குளிர்கால முகாமாகத்தான் வைத்திருந்தார், கோடையில் தம் மாணவர்களோடு விஸ்கான்சினுக்குப் போய்விடுவார். பாலைவனத்தில் கட்டுவதில் கரைகண்ட கலைஞரே கோடைக்குப் பணிந்து விலகியிருக்கிறார் என்று அறிந்த பிறகு, காணொளியில் வரும் மாளிகையைப் பார்த்து "கோடையில் இங்கே யார் இருப்பார்கள்?" என்று கேட்பது தவறாகுமா?

நம் முன்னோர் திணை வகுத்தபோது பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்றார்கள். குன்றும் பாலையும் ஒன்றாகவே இருக்கும் இந்த ஊரில் நிற்கும்போது அந்தப் பார்வையின் கூர்மை எனக்கு விளங்குகிறது. பாலை என்பது மலைக்கு நேர்கிற ஒரு நிலை. அந்த நிலையில் இருக்கும் மலையை வெட்டித் தளம் போட்டால் தழும்பு எளிதில் ஆறாது. மழை குறைந்த மண்ணில் செடி வளர்ந்து அதை மூடப் பல தலைமுறை ஆகும்.

காணொளியின் வாசலில் நின்ற சவாரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். முளைத்து எட்டு ஆண்டில் அது ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் வளரும். முதல் கை விடுவதற்கு ஐம்பது ஆண்டுக்கும் மேல் ஆகலாம். நான்கு கை விரித்து நின்ற அந்தக் கள்ளி, அந்த வீட்டுக்காரரின் பாட்டன் காலத்தில் முளைத்ததாக இருக்கும். அனுமதியில்லாமல் அதைப் பெயர்ப்பது அரிசோனாவில் சட்டப்படி குற்றம். "நல்லவேளை, அதை வெட்டாமல் விட்டார்கள்" என்று இந்த அரங்கில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததை நடுவர் கேட்டிருப்பீர்கள். குளத்துக்கும் காருக்கும் எழாத குரல், ஒரு கள்ளிச் செடிக்காக எழுந்தது. இதை எந்த ஏக்கத்தின் கணக்கில் எழுதுவது?

குன்றை அண்ணாந்து பார்த்தவர்களின் பேச்சால் என்ன ஆகிவிடும் என்றும் எதிரணியில் ஒருவர் கேட்டார். நாம் எல்லோரும் ஞாயிறு காலை ஏறும் கேமல்பேக் மலையே அதற்கு விடை. வீடுகள் சரிவில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்த 1960களில், மலையின் தலை வரை கட்டடமாகிவிடும் என்று கீழேயிருந்து பார்த்த மக்கள் பதறினார்கள். முன்னாள் செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் முன்னின்று பணம் திரட்டினார். 1968இல் நிலப் பரிமாற்றத்தின் மூலம் மலையின் மேற்பகுதி பொதுச் சொத்தாகக் காக்கப்பட்டது. தனியார் சொத்துரிமையை உயிராக மதித்த அரசியல்வாதி அவர்; அவரைப் பொறாமைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. இன்று பாரடைஸ் வேலியில் சரிவில் கட்டுவோருக்கென்று தனி விதிகள் உண்டு. எவ்வளவு மண்ணைக் கிளறலாம், சுவரின் நிறம் மலையோடு இசைகிறதா, இரவு விளக்கு எவ்வளவு, எல்லாவற்றையும் ஒரு குழு பார்க்கிறது. கீழே நின்று பார்த்தவர்களின் அக்கறை மேலே கட்டுபவருக்குச் சட்டமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடைசியாக என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினொரு வயது. இன்று இங்கே காட்டிய காணொளியை ஒத்திகையின்போது நான் வீட்டில் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிச் சுவர் வந்ததும் என் மனைவி, "இவ்வளவு கண்ணாடியை யார் துடைப்பது?" என்றார். வாரந்தோறும் எங்கள் வீட்டுச் சின்னச் சன்னல்களில் புழுதிப் புயல் விட்டுப்போகும் மண்ணைத் துடைப்பவர் அவர். காணொளியில் அதற்கு விடை இல்லை. இருபது நிமிடத்தில் வேலை செய்யும் ஒருவர்கூட வரவில்லை. தோட்டம் வெட்டியவர் இல்லை, குளம் கழுவியவர் இல்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் வெப்பத்தோடு தொடர்புடைய இறப்புகள் 645 என்று ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா கவுன்டி பதிவுசெய்திருக்கிறது. அப்படிப்பட்ட வெயிலில் வெளியே நின்று வேலை செய்பவர்களைப் பற்றித்தான் என் மனைவி கேட்டார். அப்போது என் மகள், "நிறுத்துங்கப்பா, பின்னாடி போங்க" என்றாள். மூன்று முறை பின்னால் போய்ப் பார்த்தோம்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் 14ஆம் நிமிடத்தை இன்னொரு முறை ஓடவிடுங்கள். மாலை வெளிச்சத்தில் கண்ணாடிச் சுவர் மூடுகிறது. எல்லோர் கண்ணும் மலையின் மேல் இருக்கும். இடது ஓரத்தில், கண்ணாடியில் விழும் பிம்பத்தில், மடக்கிச் சாய்த்து வைத்த ஓர் ஏணியும், அதன் காலடியில் ஒரு நீல வாளியும், வாளியின் விளிம்பில் காயப்போட்ட ஈரத் துணியும் தெரியும்.

நன்றி, வணக்கம்.