எல்லாரையும் அறிந்த அண்டைவீட்டார்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். காவிரிப் பாசன ஊர்களில் எங்கே போனாலும், "அவரைப் போய்ப் பாருங்கள், அவருக்கு ஆள் தெரியும்" என்று கைகாட்டப்படும் ஒருவர் இருப்பார். அரசலாற்றங்கரையில் எங்கள் தெருவில் அப்படிப்பட்டவர் என் அடுத்த வீட்டுக்காரராகவே அமைந்துவிட்டதால், இன்று அவரை முன்னிறுத்திப் பேசத் துணிகிறேன்.

அவர் எந்தப் பதவியையும் வகித்தவரல்லர். நிலமும் பெரிதாக இல்லை. சரிகைத் துண்டும் ஜவ்வாது மணமும் வெற்றிலைச் செல்லமுமாகப் பழைய டிவிஎஸ் 50-இல் அவர் கிளம்பினால், கடைத்தெருவைக் கடப்பதற்குள் பத்துப் பேரிடமாவது நின்று பேசிவிடுவார். அவருடைய செல்வாக்கின் வேரைக் காண விரும்புவோர், வீட்டுத் தாழ்வாரத்தில் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருக்கும் பத்திரிகைகளைப் பார்க்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் வீட்டுத் திருமண அழைப்பும் அறுவடை இயந்திர ஓட்டுநர் வீட்டுக் காதணி விழா அழைப்பும் ஒரே கம்பியில் இருக்கும். முதலாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவதைத் தவறவிடமாட்டார். பேராவூரணிப் பக்கத்து ஆடி மாத மொய்விருந்துகளில் யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறிவிடும். யார் வீட்டுத் துக்கத்துக்கு யார் வந்து நின்றார் என்னும் கணக்கை இவர் நோட்டில்லாமலே வைத்திருக்கிறார்.

இத்தகையவரின் பலம் மேலிடத்துப் பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும் நாட்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். நடுவணரசு தளர்த்தினாலொழிய அந்த வரம்பை எவராலும் மாற்ற இயலாது, என் அண்டைவீட்டாராலும் இயலாது. ஆனால் இன்று சாக்கு வந்ததா, 40 கிலோ சிப்பங்கள் எத்தனை நாளாய்த் தேங்கிக் கிடக்கின்றன, லாரி எப்போது வரும், சுமைதூக்கும் தொழிலாளர் வேலைக்கு வந்திருக்கிறார்களா என்பதையெல்லாம் பட்டியல் எழுத்தரிடமும் காவலாளியிடமும் கேட்டறிந்து சொல்ல அவரால் முடியும். நெல்லைக் களத்தில் பரப்புவதா, தார்ப்பாய் போட்டு மூடுவதா என்று தவிக்கும் விவசாயிக்கு அந்த நேரத்தில் வேண்டியது அந்தச் செய்திதான். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதபோதும் அவ்வாறே: நாங்கள் பொறியாளருக்கு மனு எழுதிக்கொண்டிருக்க, அவரோ மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் சைக்கிள் எந்தக் கரையில் நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், வேலை தேடியவர்களுக்குப் பயன்பட்ட செய்தி நெருங்கியவர்களைவிட எப்போதாவது சந்திப்பவர்கள் வழியாகவே மிகுதியும் வந்ததை எடுத்துக்காட்டினார். உறவினருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும் அல்லவா? நம் மண்ணுக்கு இன்னும் நெருக்கமான சான்றும் உண்டு. 1961-62-இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு, சாதியும் நிலமும் தந்த பழைய அதிகாரத்திலிருந்து, கட்சியோடும் அரசோடும் உள்ள தொடர்பு தரும் அதிகாரம் பிரிந்து எழுவதை விவரித்தார். பின்னர் 1980-இல் ஊர்க் கணக்கரான பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்து, மாற்றலாகிச் செல்லும் அலுவலர்கள் வந்தார்கள். அது வேண்டிய சீர்திருத்தமே. ஆயினும் ஊரை அறிந்தவர் ஓரிடத்திலும் கையெழுத்திடுபவர் வேறிடத்திலும் ஆனபின், நடுவில் நிற்பவருக்குத் தேவை கூடியது என்பது என் எண்ணம்.

இங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். அவர் காசு வாங்குவதில்லை, ஆள் பார்த்து மறுப்பதுமில்லை. எனினும் அவர் திண்ணையில் உரிமையோடு வந்து உட்காருகிறவர்களுக்கே அவர் அறிவு முதலில் கிடைக்கிறது. குத்தகைக்குப் பயிரிடும் கைம்பெண்ணும், தெருவின் மறுகோடியில் வாழும் கூலித்தொழிலாளியும் வாசலில் நின்று கேட்கத் தயங்குகிறார்கள். அவர்கள் தயங்குவது அவருக்குத் தெரிவதுமில்லை. சாக்கு இருப்பையும் பதிவு வரிசையையும் நாள்தோறும் நிலையத்துச் சுவரில் எழுதிவைத்தால் இந்தத் தயக்கத்துக்கே இடமிராது. முறைப்பாசன நாட்களை மதகருகே எழுதிவைப்பதும் பெரிய செலவன்று.

இதை அவரிடமே சொன்னேன். "நல்ல யோசனை தம்பி, எழுதிப் போட்டால் நானும் மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயரலாம்" என்றார். சொன்னவர் அன்று மாலையே, கொள்முதல் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பட்டியல் எழுத்தருக்கு எந்த ஊர் என்று விசாரித்துவர வண்டியை எடுத்துவிட்டார்.