ஒதுங்கிப்போன ஏரியாவுக்கு முதல்ல எந்த ரோடு?

வணக்கம் நண்பர்களே. நகரத்துல ஒரு பகுதி மட்டும் கவனிப்பே இல்லாம கிடக்குதுன்னா, உடனே வர்ற யோசனை "ரோட்டை அகலப்படுத்துங்க, மேம்பாலம் கட்டுங்க". அந்தப் பகுதிக்குள்ள வர்ற ரோடு வேற, அதைத் தாண்டிப் போற ரோடு வேற. தாண்டிப் போற வண்டிக்காக அகலப்படுத்தினா எந்த வண்டியும் அங்க நிக்காது. புகையும், கடக்க முடியாத தெருவும்தான் மிஞ்சும்.

தென்கொரியாவுல சியோல் நகரத்தை எடுத்துக்கோங்க. ஓடையை மூடி, மேல உயர்மட்டச் சாலை கட்டியிருந்தாங்க. 2003ல அதை இடிக்க ஆரம்பிச்சு, 2005ல சுமார் 5.8 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்துவிட்டாங்க. அந்த இடத்தோட போட்டோவுல எல்லாரும் தண்ணியைத்தான் பார்க்குறாங்க. ஆனா 2004லயே பஸ் வழித்தடங்களைத் திருத்தி, பஸ்ஸுக்குத் தனி லேன் கொடுத்தாங்க. என்னைக் கேட்டா, பாதி வேலை அதுதான்.

சரி, இப்ப டேப்பைப் பிடிப்போம். ஒரு தெருவுல 14 மீட்டர் தார் ரோடு, 3.5 மீட்டர்ல நாலு லேன், நடைபாதையே இல்லைன்னு வைங்க. இதையே 3.1 மீட்டர்ல மூணு லேனா மாத்துங்க: போக ஒண்ணு, வர ஒண்ணு, நடுவுல திரும்புறதுக்கு ஒண்ணு. 9.3 மீட்டர்ல முடிஞ்சிடும். மிச்சம் 4.7, பக்கத்துக்கு 2.35 மீட்டர். அதுல 1.8 மீட்டர் தடங்கல் இல்லாத நடைபாதை. ரெண்டு சக்கர நாற்காலி எதிரெதிரா போகலாம். மீதி 55 சென்டிமீட்டர்ல விளக்குக் கம்பம், பெயர்ப்பலகை. கம்பத்தை அந்த 1.8க்குள்ள நட்டா, மொத்தச் செலவும் வீண். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்குற வயசானவங்க முன்னாடி 14 நொடி வண்டிகளுக்கு நடுவுல இருந்தாங்க. இப்ப 10 நொடிக்குள்ள கடந்துடுவாங்க.

கர்ப் கல், அதாவது நடைபாதை ஓரத்துல பதிக்கிற கல், 15 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. சாய்தளம் 12க்கு 1, அதாவது 1 உயரத்துக்கு 12 நீளம். நடைபாதையோட குறுக்குச் சரிவு 2 சதவீதம், அதாவது 1.8 மீட்டர் அகலத்துக்கு 36 மில்லிமீட்டர் இறக்கம். இதுக்குக் குறைஞ்சா தண்ணி தேங்கும், கூடினா சக்கர நாற்காலி ரோட்டுப் பக்கம் இழுக்கும். வீட்டு கேட் வர்ற இடத்துல நடைபாதையை இறக்காதீங்க. கார் ஏறி இறங்கட்டும்.

அடுத்து தெரு முனையைப் பாருங்க. வளைவோட ஆரம் 10 மீட்டர் இருந்தா கார் வேகம் குறைக்காமலே திரும்பும். 4 மீட்டருக்குக் கொண்டுவந்தா டிரைவர் பிரேக் மிதிச்சே ஆகணும். ஆனா கல்லைப் பதிக்குறதுக்கு முன்னாடி பெயின்டும் கோனும் வெச்சு, பஸ்ஸும் தீயணைப்பு வண்டியும் திரும்புதான்னு ஓட்டிப் பாருங்க.

இன்னொண்ணு, நடைபாதைக்குள்ள பைக் வராம இருக்க குட்டைத் தூண் நடுறாங்க. சக்கர நாற்காலி நுழையுற சந்துல பைக்கும் நுழையும். தூணை மட்டும் நம்பிப் பிரயோஜனம் இல்ல. பைக் நிறுத்த ரோட்டோரம் இடம் ஒதுக்கணும்.

அதிகமா சொதப்புறது மண்ணுக்கு அடியில. தார் போட்ட மூணாவது மாசம் குழாய்க்காகத் தோண்டுறது ஏன்? வேலை வரிசை தப்பிடுது. முதல்ல ஆழத்துல போற பாதாளச் சாக்கடை, அப்புறம் மழைநீர் வடிகால், குடிநீர், கடைசியா மின்சாரம், கேபிள். சந்திப்புக்குச் சந்திப்பு ரெண்டு மூணு காலிக் குழாயைக் குறுக்கே புதைச்சு வைங்க. நாளைக்குப் புது கேபிள் வந்தா ரோட்டை வெட்ட வேண்டாம். பள்ளத்தை மூடும்போது 15, 20 சென்டிமீட்டர் மண் போட்டு இடிச்சு, அதுக்கு மேல அடுத்த அடுக்கு. மொத்தமா கொட்டி மூடினா முதல் மழையிலேயே உள்வாங்கிடும். அதே மாதிரி பழைய தாரைச் சுரண்டாம மேல மேல போட்டா ரோடு வாசப்படியைவிட உயர்ந்து, மழைத்தண்ணி வீட்டுக்குள்ள போயிடும்.

கடைசியா வாடகை. தெரு நல்லாயிட்டா வாடகை ஏறும்; அத்தனை வருஷம் அங்க தாக்குப்பிடிச்ச சின்னக் கடைக்காரங்கதான் முதல்ல வெளியேறுவாங்க. அதனால ரோட்டு வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே குத்தகைக் காலம், நடைபாதை வியாபாரிகளுக்கான இடம் ரெண்டும் எழுத்துல வரணும். தார் போட்ட அப்புறம் பேசினா யாரும் காதுல வாங்க மாட்டாங்க.

உங்க தெருவோட அகலத்தை அளந்து கமெண்ட்ல போடுங்க. தாரை மட்டும் அளக்காதீங்க. இந்தப் பக்கச் சுவர்லேர்ந்து அந்தப் பக்கச் சுவர் வரைக்கும் அளங்க.