துகளில் உள்ள நஞ்சும் உடலுக்குக் கிடைக்கும் நஞ்சும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து எளியேனைப் பெருமைப்படுத்தும் மேனாள் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்பு பேசி என் நேரத்திலும் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பார்கள். காற்று மாசைப் பொறுத்தவரை, சட்டியில் இருப்பதெல்லாம் அகப்பைக்கு வந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றை உறிஞ்சி வடிகட்டும் வடிதாளில் படிந்த துகளை வலிய அமிலத்தில் கரைத்து ஈயம் இவ்வளவு, காட்மியம் இவ்வளவு என்று அறிவிக்கிறோமே, அது சட்டியின் கணக்கு. அதில் நுரையீரலின் நீர்மத்தில் கரைந்து உடலுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதே அகப்பையின் கணக்கு. எப்படி அளப்பது, அளந்தவர்கள் என்ன கண்டார்கள், காற்றில் இந்த நஞ்சுகளுக்கு வகுத்த வரம்புகளை எப்படி மாற்றுவது என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன்.

ஆய்வகத்தில் நுரையீரலுக்கு மாற்றாகப் பெரும்பாலும் இரண்டு செயற்கை நீர்மங்களைப் பயன்படுத்துகிறார்கள். நுரையீரல் திசுக்களுக்கு இடையே உள்ள நீர்மத்தைப் போன்றது காம்பிள் கரைசல். அமிலத்தன்மையைக் காட்டும் அளவான பிஎச் அதற்கு 7.4; இந்த எண் குறையக் குறைய அமிலம் மிகும். துகளை விழுங்கும் பாதுகாப்பு உயிரணுக்களின் உள்ளே நிலவும் அமிலச் சூழலைப் போன்றது மற்றொன்று; அதன் பிஎச் 4.5. இவற்றில் துகளை இட்டு, 37 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் குலுக்கி, வடித்து, கரைந்ததை அளக்கிறார்கள். முதல் நீர்மத்தில் அசையாதிருந்த ஈயம் இரண்டாவதில் தாராளமாகக் கரைவதுண்டு. குலுக்கும் நேரமும் நீர்மத்தின் அளவும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதால், ஒருவர் அகப்பையும் மற்றவர் அகப்பையும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் வருத்தம்.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஜெனீவா எஃகு ஆலை என்று ஒன்று இருந்தது. தொழில் தகராறால் 1986 ஆகஸ்டில் மூடப்பட்ட அந்த ஆலை, 1987 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. ஆலை ஓடிய குளிர்காலங்களில், மூச்சு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, மூடியிருந்த குளிர்காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்ததைப் பேராசிரியர் ஆர்டன் போப் 1989இல் எடுத்துக்காட்டினார். குளிராக இருக்கலாம், தொற்றாக இருக்கலாம் என்று மறுத்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளின் வடிதாள்களை யாரோ ஒரு நல்லவர் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்! பின்னாளில் ஆய்வாளர்கள் அவற்றை நீரில் ஊறவைத்துச் சாற்றை எடுத்தபோது, ஆலை ஓடிய காலத்துச் சாற்றில் இரும்பும் செம்பும் துத்தநாகமும் மிகுந்திருந்தன. தன்னார்வலர்களின் நுரையீரலில் சம அளவு சாற்றைச் செலுத்திப் பார்த்ததில், ஆலை ஓடிய ஆண்டுகளின் சாறு அழற்சியை உண்டாக்கியது; மூடியிருந்த ஆண்டின் சாறு அந்த அளவுக்கு உண்டாக்கவில்லை. அகப்பையில் என்ன வந்தது என்பதை அவர்கள் அறிய முடிந்ததற்குக் காரணம், சட்டியைக் கவிழ்த்துவிடாமல் வைத்திருந்ததுதான்.

என் வேண்டுகோளும் அதுவே. ஆர்செனிக்குக்குக் கன மீட்டருக்கு 6 நானோகிராம், காட்மியத்துக்கு 5, நிக்கலுக்கு 20 என்று ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த இலக்குகளும் மொத்த அளவையே குறிக்கின்றன. அவற்றை மாற்றுவது பற்றிய மூன்றாவது செய்தியை, மணி அடித்துவிட்டபடியால், இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். கண்காணிப்பு நிலையம் ஒவ்வொன்றும் வடிதாளில் பாதியை அமிலத்துக்குக் கொடுத்துவிட்டு, மறுபாதியை நாள், இடம், உறிஞ்சிய காற்றின் கன அளவு ஆகிய குறிப்புகளோடு குளிரில் பாதுகாக்க வேண்டும் என்று இந்த அவை தீர்மானம் நிறைவேற்றட்டும். குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மட்டும் காத்திருக்காது. வடிதாளில் இருக்கும்போதே மூன்று இணைதிறன் கொண்டதாக மாறிவிடக்கூடும் என்பதால், அதைத் தாமதமின்றி அளக்க வேண்டும் என்று ஒரு வரியையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.